சுரைக்காய்ப் பழி

மலாயாவில், குளுவாங் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்குக் கூரை ஒன்றுதான். ஆனால் ஒரு வருஷமாக அதன் கீழே இரண்டு அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தத் தட்டி முளைக்கக் காரணம் ஒரு காய்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போன வருஷம் மாமனார் ஐயாசாமியின் திதிக்குக் கூட்டு வைத்தவள் இளைய மருமகள் ராசம்மா. படையல் முடிந்து எல்லோரும் வெற்றிலை போடுகிற நேரத்தில், மூத்த மருமகள் வெள்ளையம்மா குப்பைக் கூடையில் கிடந்த தோலைப் பார்த்துவிட்டாள். இளம்பச்சைத் தோல், மேலே பொசுபொசுவென்று முடி.

"அடிப் பாவி! சுரைக்காயயா மாமா இலையில போட்ட?"

அந்தக் குடும்பத்தில் திதி இலையில் சுரைக்காய் விழக்கூடாது. விழுந்தால் செத்தவர் பசியோடு திரும்பிப் போவார், இருக்கிறவர்களுக்கு ஆகாது என்று ஒரு கட்டு. ராசம்மா தான் வாங்கியது பூசணிதான் என்று தலையில் அடித்துச் சொன்னாள். சீனத்தித் தோட்டத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாத காலம், அந்த வாரமே வெள்ளையம்மாவின் புருஷன் சபாபதி ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். தட்டி எழும்பியது. "இனிமே என் அடுப்புப் பக்கம் உன் நிழல் விழக்கூடாது" என்றாள் வெள்ளையம்மா.

ராசம்மாவின் புருஷன் மூர்த்தி என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். சம்பள நாளுக்கு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போவான்.

இப்போது மறுபடியும் திதி வந்துவிட்டது. ஜொகூர் பாருவிலிருந்து சின்ன மாமனார் காளியப்பன் வந்து இறங்கியிருந்தார். தண்ணீர் இலாகாவில் மண்டோர், கூலியாட்களுக்கு மேலாள். குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. நேற்று அந்தியில் தட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா அவரிடம் சொன்னது ஒரு சொல் விடாமல் ராசம்மாவின் காதில் விழுந்தது.

"பீடைய வீட்டுல வச்சிக்கக் கூடாது சின்ன மாமா. அவள அவ அப்பன் வீட்டுக்கே அனுப்பிடுங்க. என் தங்கச்சி செல்வராணி சிங்கப்பூர்லதான் இருக்கா. மூர்த்திக்குக் கட்டி வச்சிடலாம்."

"நாளைக்கி அண்ணனுக்கு இலை போடுவம். சாப்பிட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றார் காளியப்பன். "நீ என்னடா சொல்ற மூர்த்தி?"

மூர்த்தி ஒரு செருமல் செருமினான். "நீங்க சொல்றத கேட்டுக்கிறேன் சித்தப்பா."

அந்தச் செருமலில் ராசம்மாவுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தனக்குக் கெலாங் பாத்தாவில் இருக்கும் அப்பன் வீட்டுக்கு வண்டி ஏற்பாடாகிவிடும் என்று தெரிந்துகொண்டே படுத்தாள்.

விடிந்ததும் அவளுக்கு இட்ட வேலை, இலை அறுத்து வருவது. சமையலுக்கு ஆகாத கை இலை அறுக்க மட்டும் எப்படி ஆகும் என்று வெள்ளையம்மாவைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஆசிமின் தோட்டத்துக்குப் போனாள்.

ஆசிம் என்றால் ஹொக்கியன் சீனப் பேச்சில் சின்னம்மா. அந்தச் சீனத்திக்கு வேறு பேர் உண்டு. அது இவள் வாயில் நுழையாது. போன வருஷம் திதி முடிந்த கையோடு வந்த வெள்ளத்தில் தோட்டம் முழுக்க அடித்துப் போய், ஆசிம் வெகுநாள் கொடி எதுவும் வைக்காமல் கீரையும் மிளகாயும் மட்டும் போட்டிருந்தாள். இந்தப் பருவத்தில்தான் பின்பக்கம் புதிதாகப் பந்தல் போட்டிருந்தாள். வாழை அந்தப் பந்தலுக்கு அப்பால். ராசம்மா குனிந்து பந்தலுக்கு அடியில் நுழைந்தாள். ஏதோ ஒன்று கன்னத்தில் உரசியது.

ஒரு காய். இளம்பச்சை, முழங்கை நீளம், மேலே பொசுபொசுவென்று முடி. ஒரு வருஷமாக அவள் கனவில் வந்து பயமுறுத்திய அதே காய்.

அடுத்த கொத்தில் இன்னொரு பிஞ்சு, விரல் அளவு. அதன் நுனியில் பூ இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூ. சாமந்தி மஞ்சள்.

ராசம்மா அந்தப் பூவையே பார்த்தாள். சுரை எங்கேயாவது மஞ்சளாகப் பூக்குமா? சுரை பூத்தால் வெள்ளை. மஞ்சளாகப் பூப்பது பூசணி.

"ஆசிம்!" என்று கத்திவிட்டாள். கீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆசிம் வாளியோடு ஓடிவந்தாள். இந்தக் காய் லாபுவா என்று ராசம்மா தெரிந்த மலாயில் கேட்டாள். லாபு என்றால் அங்கே சுரை.

"புக்கான் லாபு லா! குண்டூர்!" என்றாள் ஆசிம். லாபு இல்லையாம், குண்டூராம். போன வருஷமும் இதைத்தானே சொன்னேன் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

குண்டூர் ராசம்மாவுக்குத் தெரியாததா? கெலாங் பாத்தாவில் மலாய்க்காரர் வீட்டு வேலியெல்லாம் அதுதான். நம் வெள்ளைப்பூசணி. ஆனால் அவள் பார்த்ததெல்லாம் முற்றிச் சாம்பல் பூத்து, ஓர் ஆள் தூக்க முடியாமல் தூக்குகிற பூசணி. இத்தனை சின்னதாக, முடியோடு, யார் பூசணியைப் பறிப்பார்கள்?

ஆசிமுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மலாயும் கையுமாகச் சொன்னதன் சாரம் இது: நீங்கள் அது கிழடு தட்டும்வரை கொடியில் விட்டுவிட்டுத் தின்கிறீர்கள், நாங்கள் பிள்ளையிலேயே பறித்துச் சூப்பு வைக்கிறோம், இதற்கென்றே ஒரு சாதி விதை இருக்கிறது.

ராசம்மா அந்தப் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்தில் அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. உண்மையிலேயே சுரைக்காயைத்தான் வைத்துவிட்டோமோ, மாமனாரைப் பசியோடு அனுப்பிவிட்டோமோ என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள். அந்தப் பாரம் இறங்கியபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆசிம் அவளைக் கைபிடித்துத் தூக்கி அடுத்த பந்தலைக் காட்டினாள். அதுதான் லாபு, பார். அங்கே வெள்ளை வெள்ளையாகப் பூ. கீழே குண்டு குண்டாக, வழுவழுவென்று, வெளுத்துப்போன பெரிய காய்கள். நம் பக்கத்துச் சுரை மாதிரி நீளமும் இல்லை, கழுத்தும் இல்லை. பூவைப் பார்க்காவிட்டால் அதைச் சுரை என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

"நேற்று மார்க்கெட்டில் உன் அக்கா இதில்தான் பாதி வாங்கிப் போனாள்" என்றாள் ஆசிம் சாதாரணமாக. "என் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார்."

ராசம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

வெள்ளையம்மா துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள், நீளமாக இருந்தால்தான் அவளுக்குச் சுரை. போன வருஷத்துக் கூத்துக்கு அப்புறம், இந்தத் தடவை தன் கையாலேயே காய் வாங்குவேன் என்று சபதம் போட்டிருந்தாள். பெரிதாக வெளுத்திருந்தது, வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. பூசணிதான், மேலிருந்த சாம்பலைக் கடைக்காரன் துடைத்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். பாதிப் பூசணியைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி வீடு வந்ததை ராசம்மாவே பார்த்தாள்.

இந்நேரம் அது அடுப்பில் இருக்கும்.

இங்கே ராசம்மாவின் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்லவேண்டும். 'இலையில் விழட்டும்' என்று நினைத்தாள். 'படையல் முடியட்டும். சின்ன மாமாவும் அவர் பேச்சைக் கேட்கிற என் புருஷனும் சப்புக்கொட்டிச் சாப்பிடட்டும். அப்புறம் இவர்களை இங்கே இழுத்து வந்து இந்த வெள்ளைப் பூவைக் காட்டுகிறேன். அப்போது யார் பீடை என்று பார்க்கலாம்.' அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. ஒரு வருஷம் கசந்தவளுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இனித்தது.

ஆனால் இலை வெள்ளையம்மாவுக்கு அல்லவே. ஐயாசாமிக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், "எங்க தாயி சாப்பிட்டுச்சா?" என்று இவளைப் பற்றிக் கேட்காமல் தட்டில் கை வைக்காத மனுஷன். அவர் இலையில் ஆகாததை விழவிட்டு, அதில் தன் வழக்கை ஜெயிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நுனியில் மஞ்சள் பூ ஒட்டியிருந்த பிஞ்சைக் காம்போடு கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். இலையை மறந்துவிட்டு ஓடினாள்.

தன் பக்கத்து வாசலுக்குப் போகவில்லை. நேராக வெள்ளையம்மாவின் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

"ஏய்! எங்க வர்ற?" வெள்ளையம்மா கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "திதி நாள்லயா உன் வேலையக் காட்டுற? வெளிய போ!"

"போறேன்க்கா. அந்தக் கூட்ட எறக்குங்க மொதல்ல. அது பூசணி இல்ல, சுரைக்கா."

வெள்ளையம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னாங்க! சின்ன மாமா! வந்து பாருங்க இந்த அநியாயத்த! இவ வச்ச சுரைக்காய என் தலையில கட்டப் பாக்குறா!"

காளியப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் ஊன்றுகோலோடு சபாபதி. அவருக்குப் பின்னால், முடிந்தவரை பின்னால், மூர்த்தி.

ராசம்மா பிஞ்சை எடுத்து முறத்தில் வைத்தாள். "போன வருசம் நான் வச்ச காயி இதுதான் சின்ன மாமா. பூவப் பாருங்க."

காளியப்பன் குனிந்து பார்த்தார். "மஞ்சளா இருக்கு."

"சுரைக்கு மஞ்சப் பூ உண்டா?"

"அதானே" என்றார் சபாபதி.

வெள்ளையம்மா திரும்பி அவரை முறைத்த முறையில் மனுஷன் வாயை மூடிக்கொண்டார். "பூவ எங்க வேணும்னாலும் ஒட்டிக்கிட்டு வரலாம்" என்றாள். "அது எப்படியோ போகட்டும். நான் வாங்குனது பூசணி. என் கண்ணால பாத்து வாங்குனேன்."

"அப்ப அந்தக் கொடியையும் உங்க கண்ணாலயே பாத்துருங்கக்கா. ஆசிம் தோட்டத்துலதான் இருக்கு. வெயில் ஏறிட்டா சுரைப்பூ வாடிப்போயிரும். இப்பவே வாங்க. நான் சொன்னது பொய்யின்னா, மத்தியானம் வரைக்கும் காத்திருக்க வேணாம். நான் அப்படியே கெலாங் பாத்தாவுக்குப் போயிடுறேன்."

தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மூர்த்தி தரையைப் பார்த்தான்.

"அலமாக்!" என்று மலாயில் ஐயையோ போட்டார் காளியப்பன் மெதுவாக. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நட. பாத்துருவம்."

தண்டவாளத்தைத் தாண்டி அந்தக் குடும்பம் வரிசையாக நடந்ததைச் சிக்னல்காரன் வாய் பிளந்து பார்த்தான். முன்னால் ராசம்மா, அடுத்து கையில் கரண்டியோடு வெள்ளையம்மா. கரண்டியைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆசிம் தன் புருஷன் நேற்று அறுத்த காம்பைக் காட்டினாள். நீர் கசிந்து காய்ந்த வெட்டு அதில் புதிதாக இருந்தது. வெள்ளையம்மா யாரையும் தொடவிடவில்லை. தானே அந்தக் காம்பைப் பிடித்து, கொடி போன வழியே ஒரு கணுவையும் விடாமல் விரலால் தடவிக்கொண்டு போனாள். கொடி பந்தலில் ஏறியது, வளைந்தது, இன்னொரு குண்டுக் காயைத் தாண்டியது. அதன் நுனிப் பக்கம் பூக்கள். வெயில் பட்டு ஓரம் சுருங்கத் தொடங்கிய வெள்ளைப் பூக்கள்.

அவள் ஒரு பூவைக் கையில் ஏந்திப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

வெள்ளையம்மா மேல் நமக்கு எத்தனை கோபம் இருந்தாலும், அவள் அடுத்துச் செய்ததற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சாக்குத் தேடவில்லை. கடைக்காரனைத் திட்டவில்லை.

"சுரைதான்" என்றாள்.

பிறகு அடுத்த பந்தலுக்குப் போய், முடி படர்ந்த காயையும் மஞ்சள் பூவையும் நெடுநேரம் பார்த்தாள். "மார்கழி பொறந்தா நெதமும் வாசல்ல சாணியில குத்தி வச்ச பூவு. இது எனக்குத் தெரியாதா? தோலப் பாத்தேன், பூவப் பாக்கலியே." ராசம்மா பக்கம் திரும்பினாள். "ஒரு வருசம்டி ராசம்மா. ஒரு வருசம் உன்ன..."

ராசம்மா அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அழுது கட்டிப்பிடிக்கிற அளவுக்கு அவள் மனசு இன்னும் இளகவில்லை. வேலை மட்டும் நன்றாகத் தெரிந்தது. "அப்புறம் பேசிக்கலாம்க்கா. மாமா இலைக்கு நேரமாவுது."

"நீயே வை" என்றாள் வெள்ளையம்மா. "நான் காய் நறுக்கித் தாரேன்."

ஆசிம் முடிக்காய்களாகப் பார்த்துப் பறித்துப் போட்டாள். காலையில் மறந்துபோன இலைகளை ராசம்மா அறுத்துக்கொண்டாள். எதற்கு இத்தனை கூட்டம், யார் செத்துப்போனது என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு அந்த அடுப்படியில் நடந்த சமையலை எழுதினாலே நாக்கில் ஊறுகிறது. பாசிப்பருப்பு மலர வெந்து, இளம் பூசணி அதில் கண்ணாடியாகக் கரையாமல் நிற்க, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட கூட்டு. முற்றின பூசணியில் கிடைக்காத ஒரு தித்திப்பு அந்தப் பிஞ்சில் இருந்தது. உப்புப் பார்க்காமல் வைத்த சமையல். உப்பு சரியாக இருந்தது. படையல் போட்டுக் கும்பிட்டபோது ராசம்மா கண்ணை மூடிக்கொண்டு, 'போன வருசமும் வயிறு நெறஞ்சுதான போனீங்க மாமா' என்று மனசுக்குள் கேட்டாள்.

சாப்பாட்டில் காளியப்பன் மூன்றாம் தடவையாகக் கூட்டுக்கு இலையில் இடம் ஒதுக்கினார்.

"ஏம்மா, அந்தச் சுரைக்காக் கூட்டு என்னாச்சு?" என்று கேட்டார் சபாபதி. "இலைக்குத்தான ஆகாது? எனக்கு ஆகும்லா. ராத்திரிக்கு வச்சிருங்க." எல்லோரும் சிரித்ததில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "இன்னொண்ணும் சொல்லிர்றேன். என் கால் ஒடைஞ்சது காயால இல்ல. மழையில பலகை பாசி புடிச்சிருந்துச்சு. நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

வெள்ளையம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த பதில்களிலேயே அதுதான் மரியாதையானது.

காளியப்பன் கை கழுவிவிட்டு வந்து நின்றார். "சாப்பிட்டுட்டு முடிவு சொல்றேன்னேன். சொல்றேன். ராசம்மா எங்கயும் போகப் போறதில்ல. இனிமே அண்ணன் திதிக்கு அடுப்பு அவளோடது. ஆகாததுன்னு தெரிஞ்சும் விட்டிருந்தா, ஜெயிச்சிருப்பா. எங்க அண்ணனுக்காக உள்ள நொழைஞ்சா பாரு, அவதான் இந்த வீட்டு மருமக." பிறகு தட்டியைக் காட்டினார். "இதப் பிரிச்சு எறிங்கடா."

மூர்த்தி பாய்ந்து போய்க் கயிறுகளை அறுத்தான். பேசவேண்டிய இடத்தில் பேசாதவன் அறுக்கவேண்டிய இடத்தில் நன்றாகத்தான் அறுத்தான். மூங்கிலைக் கொல்லையில் போட்டுவிட்டு, அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ராசம்மாவின் அருகில் வந்து நின்றான்.

"ராசம்மா, நீ தப்பு செஞ்சிருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம இருந்திருந்தீங்கன்னா மன்னிச்சிருப்பேன்."

"காஹாங்ல வீடு கேட்டுருக்கேன். வந்துரு, ரெண்டு பேரும்..."

"அடுப்புக்கு நாயம் கெடச்சிருச்சுங்க. சின்ன மாமா குடுத்துட்டாரு. எனக்கு இன்னும் கெடைக்கல. அத நீங்கதான் குடுக்கணும். அதுவரைக்கும் வீடு கேக்காதீங்க."

மூர்த்தி செருமினான். வழக்கமான செருமல். ஆனால் இந்தத் தடவை அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

அப்போதுதான் சிங்கப்பூர் ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மாட்டுவண்டி. வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். புதுச் சேலை, பூ, கையில் தகரப் பெட்டி.

"செல்வராணி" என்றாள் வெள்ளையம்மா. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. தங்கைக்கு ஆள் விட்டதைக் காலையிலிருந்து அவள் மறந்தே போயிருந்தாள். காளியப்பன் கூரையைப் பார்த்தார். சபாபதிக்குத் திடீரென்று கால் வலித்தது.

ராசம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நீங்க... ராசம்மா அக்காவா?" செல்வராணி வாசலிலேயே தயங்கி நின்றாள். "அக்கா ஒடனே வரச் சொன்னாங்க. வெள்ளக்காரர் வீட்டு வேலையக்கூட விட்டுட்டு வந்துட்டேன்."

மூர்த்தி, மரியாதைக்குத்தான், பெட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"நீங்க இருங்க" என்றாள் ராசம்மா.

பெட்டியைத் தானே வாங்கினாள். கனமாக இருந்தது, பல நாள் தங்க வந்த பெட்டி. அதை வாசற்படிக்கு வெளியே, சுவர் ஓரமாக இறக்கி வைத்தாள்.

"பொட்டி இங்கயே இருக்கட்டும். நீ உள்ள வாம்மா. கை கால் கழுவிட்டு இலையில உக்காரு. பூசணிக் கூட்டு, நான் வச்சது."

அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனாள். இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள். பெட்டி வெளியே வெயிலில் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.